மஞ்சள் பூசிய குச்சி

காளியம்மா கல்லை எடுத்து முளைக்குச்சியின் தலையில் தட்டினாள். ராத்திரி மாடு இடித்துச் சாய்த்திருந்தது. நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். கிண்ணத்து மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினாள். அதன் பிறகுதான் செம்பனை ஓலையை மடியில் போட்டு ஈர்க்குச் சீவ உட்கார்ந்தாள். விளக்குமாறு கட்டிச் சந்தையில் விற்பதுதான் அவள் பிழைப்பு.

"நம்ம கல்யாணத்துலகூட எனக்கு இவ்வளவு மஞ்சள் பூசல," என்றார் அவள் புருஷன் வீரமுத்து, நாற்காலியில் சாய்ந்தபடி.

"ரோட்டுக்கு முகூர்த்தக்கால் இது. பேசாம இருங்க."

நிலம் அளக்க வந்தவர்கள் அந்தச் சிவப்புத் தலைக் குச்சியை அடுப்படி ஓரமாக நட்டுவிட்டுப் போன நாளிலிருந்து இப்படித்தான். கல்யாண வீட்டில் முகூர்த்தக்கால் சாய்ந்தால் காரியம் தடைப்படும் என்பார்கள். இந்தக் காரியம் தடைப்படக் கூடாது. வீரமுத்துவுக்கு வாரம் மூன்று தடவை டயலிசிஸ். கம்பத்துக் கிராமச் சாலையோ முழுக்கப் பள்ளம். திரும்பி வரும்போது வேன் குதிக்கிற குதியில், ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் கசிந்து பஞ்சு நனைந்துவிடும். பாலத்து வளைவில் இருந்த பெரிய குழி வரும்போதெல்லாம் காளியம்மா அவர் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். மழைக்காலத்தில் இனி வரமுடியாது என்று வேன்காரர் சொல்லிவிட்டார். நகராண்மைக் கழக உறுப்பினர் மதிவாணன் வந்து, சாலை கட்டாயம் வரும் என்று வாக்குக் கொடுத்தபோது அவருக்கு மாலை போட்டவள் இவள்தான்.

மதிவாணன் மறுபடி வந்தது ஒரு சனிக்கிழமை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். அப்போதே அவளுக்கு என்னவோ போலிருந்தது.

சுற்றி வளைத்துத்தான் சொன்னார். கழகத்திடம் பணமில்லை. ஒரு வீடமைப்புக் கம்பெனி தன் செலவிலேயே சாலையை அகலமாக்கித் தருகிறது. அதற்கு ஈடாக, சாலைக்கு இந்தப் பக்கத்து நிலத்தின் உரிமையைக் கழகம் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. செம்பனைத் தோட்டம் மூடிய காலத்திலிருந்து இந்த வரிசைக் குடும்பங்கள் குடியிருந்தது அந்த நிலத்தில்தான். யாரிடமும் பட்டா கிடையாது.

"அப்ப இந்தக் குச்சி ரோட்டுக்கு இல்லையா, தம்பி?"

"ரோடு அந்தப் பக்கமாத்தான் அகலமாகுதுக்கா. இது கம்பெனி எடத்தோட எல்லை." மதிவாணன் மஞ்சளையும் மாவிலையையும் பார்த்தார். "மத்த வீட்டுக் குச்சியெல்லாம் மாடு மிதிச்சிருச்சு, பசங்க புடுங்கிட்டாங்க. உங்களது ஒன்னுதான் நட்ட எடத்துலயே நின்னுச்சாம். இத வச்சுத்தான் மத்ததெல்லாம் திரும்ப அளந்தாங்க."

காளியம்மா கையிலிருந்த ஈர்க்கைக் கீழே வைத்தாள்.

"நாங்க ரோடுதானே கேட்டோம்?"

"ரோடு வருதுதானே லா, அக்கா."

அவர் போன பிறகு, குச்சியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று வீரமுத்து கேட்டார். அவள் கீழே வைத்த ஈர்க்கை எடுத்து மறுபடி சீவ ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் மாடு வந்து குச்சியில் கழுத்தை உரசியது. காளியம்மா பழக்கத்தில் எழுந்து ஓடி அதை விரட்டினாள். விரட்டிய பிறகு, ஓங்கிய விளக்குமாற்றோடு அங்கேயே நின்றாள்.

முதலில் சாலைதான் வந்தது. கன்னங்கரேலென்று, நடுவில் வெள்ளைக் கோடு போட்டு, மழைத் தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடும்படி. பிறகு அடுத்தடுத்த வீடுகள் காலியாயின. மகள் சாந்தினி பாசிர் கூடாங் பட்டணத்தில், தான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பிடித்திருந்தாள். நாலாவது மாடி. லிப்ட் இல்லை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று போனில் சொன்னவள், எப்படி என்று சொல்லவில்லை.

கட்டிலும் அடுப்பும் லோரியில் முன்னால் போயின. வேன்காரர் காசு வேண்டாம் என்று சொல்லி வீரமுத்துவை ஏற்றிக்கொண்டார். சாலையோரமாக நெடுக, கம்பெனி இடத்துக்கு வேலியாக நாகத்தகடு அடித்திருந்தார்கள். தகட்டின் இடுக்கில் குச்சியின் மஞ்சள் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

"குலுங்கவே இல்லடி," என்றார் வீரமுத்து.

பாலத்து வளைவு வந்தது. காளியம்மாவின் கைகள் தாமாக எழுந்து அவர் கையை இறுக்கிப் பிடித்தன. வேன் வழுக்கிக்கொண்டு போனது. வளைவு தாண்டி வெகுதூரம் வந்த பிறகும் அவள் பிடியை விடவில்லை.