அமரர் ஊர்தியின் பைலட் பேரிங்

2003 ஆகஸ்ட் தொடங்கி 2007 பிப்ரவரி வரை கும்மிடிப்பூண்டியில் எந்தச் சாவுக்கும் யாரும் அழவில்லை. கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முன்பு பந்தியில் அப்பளம் வராததற்கெல்லாம் மூக்கைச் சிந்திய ஊர்தான். காரணம், ஊரில் எல்லாச் சாவுக்கும் வந்த மாதா கோவிலின் அமரர் ஊர்தி. அந்தப் பழைய டீசல் வேனில், எஞ்சினின் முதுகுப்பக்கம் பிளைவீலின் நடுக்குழியில், பைலட் பேரிங் என்கிற சின்ன வளையம் உட்கார்ந்து கியர் பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது தேய்ந்துபோயிற்று. டிரைவர் யேசுதாஸ் கிளட்சை மிதித்தால் கீ என்று மெலிதாகக் கத்தும். காலை எடுத்தால் அடங்கிவிடும். அந்தச் சத்தம் காதில் விழுந்தவர்களுக்கு அதன்பிறகு கண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான். ஊரும் சீக்கிரமே பழகிக்கொண்டது. ஒப்பாரி இல்லாததால் அடக்கம் சுருக்க முடிந்து, ஆட்கள் இரண்டாம் ஷிப்டைப் பிடித்தார்கள். வெங்காயம் நறுக்குவது சுலபமாகிவிட்டதென்று பெண்கள் சொன்னார்கள்.

பைபாஸ் ஓரம் ஷெட் போட்டிருந்த மெக்கானிக் எட்வர்டுக்கு அது எந்தப் பேரிங்கின் சத்தம் என்று முதல் நாளே தெரியும். ஆனால் கியர் பாக்ஸை இறக்காமல் அதைத் தொட முடியாது. நன்றாக ஓடுகிற வண்டிக்கு எவன் கியர் பாக்ஸை இறக்குவான்? 2004இல் மஞ்சள் காமாலையில் அவர் மனைவி கிரேஸ் இறந்தபோது, யேசுதாஸுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கல்லறைக்குப் போனார். பஜார் நெரிசல், அடிக்கு ஒரு தரம் கிளட்ச். இறங்கும்போது நெஞ்சுக்குள் கிரேஸ் இருந்தாள், துக்கமும் இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டில் ஓடும் டிவி மாதிரி இருந்தது. செவ்வாப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட மகள் ஷைனி ரயில் மாறி நேராகக் கல்லறைக்கு வந்துசேர்ந்தபோது வேனை அணைத்தாகிவிட்டது. அங்கே அழுதது அவள் ஒருத்திதான். ஓர் உடம்பில் இவ்வளவு தண்ணீரா என்று குழி வெட்டியவர்கள் வாயைப் பிளந்தார்கள். போகும்போது அப்பாவின் காய்ந்த கண்களைப் பார்த்து, "எங்கம்மாவுக்கு நீ அழுவுற அன்னிக்கு வர்றேன்," என்றாள். அதன்பிறகு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. எட்வர்ட் சாப்பிட்டார், தூங்கினார், பிரேக் ஷூ மாற்றினார். வலிக்கவில்லை என்பதுதான் அவருக்கு வலித்தது.

2007 பிப்ரவரியில் ஆரம்பாக்கத்து ஜானகியம்மாளை ஏற்றிக்கொண்டு வந்த வேன், எளாவூர் செக்போஸ்ட் அருகே கிளட்ச் பிளேட் தீய்ந்து நின்றது. உறவுக்காரர்கள் இறங்கி, அழாமல், பேசிக்கொண்டே தள்ளினார்கள். அடக்கம் முடிந்து வேன் எட்வர்டின் ஷெட்டுக்கு வந்தது. கிளட்சுக்காகப் பிரித்தால் பைலட் பேரிங்கையும் மாற்றிவிடுவது தொழில் வழக்கம். புதுசு வாங்கப் போனபோது ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஹனீப் பாய், "ஊரு நிம்மதியா கீது. அத்த இன்னாத்துக்கு நோண்டுற?" என்று கேட்டார். மகள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷமாகிறது என்றார் எட்வர்ட்.  பாய் பேரிங்கை எடுத்துத் தூசி ஊதிக் கொடுத்தார்.

பழைய பேரிங் குழியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. எட்வர்ட் டீக்கடைப் பன்னைத் தண்ணீரில் நனைத்துப் பிசைந்து பேரிங்கின் துளைக்குள் அடைத்தார். துளைக்குச் சரியான கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். போக வழியில்லாத பன் பின்பக்கம் சேர்ந்து பேரிங்கை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. அது அவர் உள்ளங்கையில் விழுந்த அதே நேரத்தில் ஊர் அழ ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே எப்போதோ செத்துப்போன தம்பிக்காக அழுதார். ரோலிங் மில்லில் ஷிப்டு நின்றது. செக்போஸ்டில் சீல் போடுகிறவர் மேஜையில் கவிழ்ந்துவிட, லாரிகள் ஆந்திரா வரைக்கும் நின்றன. டிரைவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுச் சமைக்கத் தொடங்கினார்கள். ஆரம்பாக்கத்தில் அன்று யாரும் வயலுக்கு மோட்டார் போடவில்லை. தண்ணீர் போதுமாக இருந்தது. உப்புதான் கூடிவிட்டது, அந்தப் போகம் நெல் நுனி கருகிற்று.

எட்வர்ட் ஒரு டயர்மேல் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தார். வரவில்லை. கிரேஸ் மீன்தலையை அவருக்கு வைத்துவிட்டு வாலைத் தின்றதை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. புதுப் பேரிங்கைத் தட்டி இறக்கி, கியர் பாக்ஸை ஏற்றி முடித்தார், அப்போதும் வரவில்லை. அழுது முகம் வீங்கியிருந்த யேசுதாஸ், "பொண்ணு வந்துகினு கீதாம். ஒரு சொட்டு டீசலாவது கண்ணுல தொட்டு வெச்சுக்கண்ணா," என்றான்.

ஊரே அழுகிறதென்று கேள்விப்பட்டுக் கிளம்பிய ஷைனிக்கு, அப்பா மட்டும் அழவில்லை என்ற விஷயம் பேசின் பிரிட்ஜில் ரயில் மாறும்போதே தெரிந்துவிட்டது. ஓட்டமும் நடையுமாக ஷெட்டுக்கு வந்தாள். எட்வர்ட் கண்ணில் எதையும் தொட்டு வைத்திருக்கவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. "ஊருக்கே வந்துச்சும்மா. எனக்கு மட்டும் வர்ல," என்றார்.

அவள் திட்டத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கண்கள் கொட்டத் தொடங்கின. துக்கத்தில் அல்ல, அவளுக்கு அப்போது இருந்தது வெறும் கோபம். முந்தானையால் துடைத்தாள், முந்தானை கறுப்பாயிற்று. முகர்ந்து பார்த்தாள், கிரீஸ். அவள் மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று வருஷமாக இப்படித்தான் என்று சொன்னாள். குழம்பு கிளறும்போது, பிள்ளை சிரிக்கும்போது, காரணமே இல்லாமல் கொட்டுகிறது. புருஷன் அடிக்கிறான் என்று தெருவே நம்புகிறது. எப்போதும் கறுப்பு நைட்டியில் துடைத்ததால் நிறம் தெரியவில்லை.

"இது என்னுது இல்ல நைனா," என்றாள். "உன்னுது."

செவ்வாப்பேட்டையில் இப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரேஷன் வரிசையில் நிற்கும்போது கொட்டினால், எங்க நைனா அழுவுறாரு என்று சொல்லித் துடைத்துக்கொண்டு நகர்கிறாள். சாயங்காலம் ஷெட்டிலிருந்து போன் வரும்.

"இன்னிக்கு வந்துச்சாம்மா?"

"வந்துச்சு நைனா."

"நெறையவா?"

"நெறைய."

எட்வர்ட் போனை வைத்துவிட்டு, அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பார்.