பனிக்கு அந்தப் பக்கம்

ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவன் வேலை. நாளெல்லாம் நீராவிக்குள் நிற்பதால் எதிரில் இருப்பவர் முகம் பாதிதான் தெரியும். மீதியை மனசே வரைந்துகொள்ளும். அவன் பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்த வீடியோ கேமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஒரு தீவு. அதில் தனியாக நடக்கும் ஒரு பெண். திரையை ஒரு தடவை தொட்டால் போதும், தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பாள். சுற்றிலும் மூடுபனி. சண்டை கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. இரண்டு வருஷமாக அவன் விடுமுறைகளை எல்லாம் அந்தத் தீவுதான் தின்றுகொண்டிருந்தது.

அதற்கு முன் ஒன்பது கேம் ஆரம்பித்து ஒன்பதையும் பாதியில் விட்டவன். ஆரம்பச் சூரத்தனத்தில் இவனை அடிக்க ஆளில்லை என்பார் அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் பெயின்டர். பத்தாவதான இந்தத் தீவும் அந்த வழியில்தான் போனது. ஒரு வாரம் முழுக்கத் தண்ணீரின் நிறத்தை மாற்றுவான். மறுவாரம் பழைய நிறமே தேவலை என்று திரும்புவான். "உன் தீவுல ஒரு நாய்கூட இன்னும் குடிவரலையேப்பா" என்று பெயின்டர் கேட்டபோது சிரித்துத்தான் வைத்தான். ஆனால் அது உள்ளே போய் முள்ளாகத் தங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் அழித்துவிடுவது, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. அதற்கு முன் அக்காவுக்கு மட்டும் ஒரு தடவை அனுப்பினான். ஊரில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்காதான் அவன் கேமை விளையாட இருந்த ஒரே ஆள். இதோடு விட்டுவிடுகிறேன், கடைசியாக ஒரு தடவை பார் என்று செய்தியும் போட்டான். பதில் வரவில்லை.

அவசரத்தில் ஒரு தப்பு நடந்திருந்தது. தீவின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று உண்டு. நடப்பவளை அது கரையிலேயே நிறுத்தும். கரையை அகலமாக்க அதை எடுத்தவன், திரும்ப வைக்க மறந்துபோனான்.

மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

"டேய், இந்தப் பனிக்குள்ள இன்னும் எவ்வளவு தூரம்டா நடக்கணும்?"

எங்கே இருக்கிறாய் என்று கேட்டான். தீவு எப்போதோ போய்விட்டது, தண்ணீர் மேலேயே நடந்தேன், இப்போது மேலே கீழே எல்லாம் ஒரே வெள்ளை என்றாள். போனை நூல் டப்பாவில் சாய்த்துவைத்து, இதற்குள் மூன்று சட்டைக்குக் கை தைத்து முடித்துவிட்டாளாம்.

அங்கே அவன் எதுவுமே கட்டவில்லை. கட்டாததை மறைக்கத்தான் பனியே போட்டிருந்தான்.

"அக்கா, அங்க ஒண்ணுமே இல்லக்கா. என் தப்புதான். நிறுத்திடு."

மெஷின் நின்றது.

"ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு பனியப் போட்டு மூடி வச்சிருக்க? நீ ஏதோ வச்சிருப்பன்னுல்ல நான் நடந்துட்டிருக்கேன்."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"சரி, இன்னும் ரெண்டு சட்டை பாக்கி. அது வரைக்கும் நடக்கறேன். நீ அழிக்கறதுன்னா அழிச்சுக்கோ."

போனை வைத்துவிட்டாள்.

அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். தன் கேமில் எந்த இடத்துக்கும் ஒரே தாவலில் போய்விட அவனால் முடியும். தாவவில்லை. அந்தப் பெண்ணைக் கரையில் நிறுத்தி, அக்கா போன திசையில் நடக்கவிட்டான். தீவு சுருங்கிச் சுருங்கி ஒரு கருமணியாகி, அதுவும் கரைந்தது. அப்புறம் வெள்ளைதான். நடக்கிறாளா, நிற்கிறாளா என்பதே தெரியவில்லை. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு வருஷத்தில் அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

குளித்துவிட்டு வந்த பெயின்டர் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். யாரைத் தேடிப் போகிறாள் என்று மெதுவாகக் கேட்டார். தெரியவில்லை என்றான். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் அவனுக்கே கால் வலிப்பதுபோல் இருந்தது. இங்கே உட்கார ஏதாவது இருந்தால் தேவலை என்று தோன்றியது. அங்கேயே நிறுத்தினான்.

சாயங்காலம் அந்த இடத்தில் தண்ணீர்மேல் அவன் போட்ட நாலு பலகை கிடந்தது; அவள் அதில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பலகைக்கு நிழலே விழவில்லை; அவன் அதைத் திருத்த உட்காரவில்லை. அடுத்து எங்கே கால் வலிக்கிறது என்று பார்க்க, அவளை எழுப்பி மறுபடி நடக்கவிட்டான்.