சதுர மூலை

"வா, வா, இன்னும் வா... நிறுத்து, நிறுத்து!"

ரேடியோ என்று பேர் வாங்கிய சித்தப்பா மகன், பஸ்ஸின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். பணிமனையிலிருந்து வந்த பஸ் பின்பக்கமாகவே தெருவுக்குள் உருண்டு வந்து, சாவு வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. டீத்தட்டோடு வெளியே வந்த அக்கா படியிலேயே நின்றுவிட்டாள்.

பஸ்ஸின் பக்கவாட்டில், முன்கதவு தொடங்கிப் பின்சக்கரம் வரைக்கும், ஒரு குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, நடுவில் குழந்தை. அவர்களுக்குப் பக்கத்தில் ஆளுயர எழுத்து: 'ஆணுக்கு ஆண்மேல் ஆசையா? அது நோய். மாறலாம். மாறியவர்களைக் கேளுங்கள்.' கீழே ஒரு தொலைபேசி எண்.

உள்ளே கூடத்தில் அவளுடைய தம்பி பெட்டிக்குள் கிடந்தான்.

டிரைவர் இறங்கி வந்து அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "வேற வண்டி கேட்டுப் பாத்தேம்மா. எல்லாம் லைன்ல போயிருச்சு. இது ஒண்ணுதான் ஷெட்ல நின்னுச்சு."

வேலையில் இருக்கும்போதே இறந்துபோகிறவர்களின் வீட்டுக்கு ஒரு பஸ்ஸை இனாமாக அனுப்புவது அந்தப் பணிமனையின் வழக்கம். தம்பிக்கு அங்கே பஸ்களில் விளம்பரம் ஒட்டும் வேலை. சோப்பு, சிமெண்டு, கல்லூரி, கண் ஆஸ்பத்திரி என்று ஊர் முழுக்க ஓடுகிறவற்றில் பாதி அவன் கை பட்டவை. 'ஸ்டிக்கர்' என்றால்தான் அங்கே தெரியும். சொந்தப் பெயரைக் கேட்டால் யோசிப்பார்கள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றாள்.

அண்ணன் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பஸ்ஸுக்கு என்ன? உருண்டாச் சரி. ஓசியில வந்ததுக்குக் கலர் பாத்துக்கிட்டு."

அவள் டீயைக் கொடுத்துக்கொண்டே போனாள். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். படித்து முடித்ததும் ஒவ்வொரு தலையும் ஒரே பக்கம் திரும்பியது. கேட் ஓரத்தில், செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில், ஒரு ஸ்டூலில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். விடிந்ததிலிருந்து அங்கேதான். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய டீயில் ஆடை படிந்திருந்தது.

தையல் கடைக்கு மேலே இருந்த வீட்டில் தம்பியும் அவரும் தலை நரைக்கும் வரை ஒன்றாக இருந்தார்கள். குடும்பத்தில் அதற்கு 'ரூம்மேட்' என்று பெயர். கல்யாண வீடுகளில் யாராவது விசாரித்தால் அக்காவே அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். இப்போது அது நாக்கில் ஒட்டிக்கொண்ட பூச்சி மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சை அறை வாசலில் "குடும்பம் மட்டும்" என்று அண்ணன் கதவை மறித்தபோது, தையல்காரர் பெஞ்சுக்குத் திரும்பிப் போய்விட்டார். தம்பியின் உயிர் போனபோது அவர் அந்தப் பெஞ்சில்தான் இருந்தார். அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "கடைசி வரைக்கும் நீங்க அவன்கூட வருவீங்க. நான் பாத்துக்கறேன்." அவர் தலையை மட்டும் ஆட்டினார். காலையில் ஒரு சட்டையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். "காலர் பட்டனைப் போடாதீங்கக்கா. அவருக்குக் கழுத்தை இறுக்கினாப் பிடிக்காது."

அந்தச் சட்டையைத்தான் போட்டுவிட்டிருந்தாள். பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். "எங்க எடுத்தீங்கக்கா, அளவெடுத்த மாதிரி இருக்கே?" என்று ரேடியோவின் மனைவி கேட்டாள். அக்கா கேட் பக்கம் பார்த்தாள்.

பெட்டியை அமரர் ஊர்தி வேனில் ஏற்றினார்கள். பெட்டிக்கு இரண்டு புறமும் பக்கத்துக்கு இருவர் உட்காரலாம். அண்ணன் விரல் விட்டு எண்ணினார். "நான், நீ, பெரியப்பா, ரேடியோ. மத்தவங்க பஸ்."

"தையல்காரர்?"

"அதான் மத்தவங்கன்னு சொன்னேனே."

"ரேடியோ பஸ்ல வரட்டும்ணே. அவரு இதுல வரட்டும்."

"சித்தப்பா மகன் இருக்கும்போது எவனோ ஒருத்தன் பக்கத்துல உக்காருவானா? நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

ரேடியோவுக்கு வாய் மூடிப் பழக்கமில்லை. பெயரே அதனால் வந்ததுதான். "விடுங்கக்கா. பஸ்ல அவருக்குன்னே எழுதி அனுப்பியிருக்காங்க பாருங்க. இடுகாடு போய்ச் சேர்றதுக்குள்ள மாறிடுவாரு."

நாற்காலிப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து அதை இருமலாக மாற்றினார்கள். ரேடியோவின் உதட்டோரத்தில் பிஸ்கட் தூள் ஈரமாக ஒட்டியிருந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் மீசைக்குக் கீழே ஏதோ ஒன்று நெளிந்து அடங்கியதை அவள் பார்த்துவிட்டாள். இந்த வீட்டுக் கூடத்தில் இதே முகங்களுக்குத் தம்பி எத்தனை முறை இலை போட்டுப் பரிமாறியிருப்பான்!

விறுவிறுவென்று பஸ்ஸிடம் போனாள். படத்திலிருந்த அப்பாவின் காலுக்குக் கீழே விளம்பரத்தின் மூலை ஒன்று லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அதற்கடியில் நுழைத்தாள்.

"வேண்டாங்கக்கா."

தையல்காரர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"எதுக்கு வேண்டாம்? என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா இல்லையா?"

"படிச்சேன். அவர் ஒட்டினது இது."

அவள் கையில் சாவி அப்படியே நின்றுவிட்டது.

"வேலைன்னு வந்தா ஒட்டித்தானக்கா ஆகணும். அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கையக் கழுவுறாரு, கழுவுறாரு, நிறுத்தவே இல்ல. சாப்பாடும் வேண்டான்னுட்டாரு." அவர் தூக்கியிருந்த மூலையைத் தொடாமல் விரலால் சுட்டினார். "இந்த மூலையப் பாருங்க. சதுரமா இருக்கா? அவர் ஒட்டினது எதுலயும் மூலை இப்படி இருக்காது. வளைச்சுத்தான் வெட்டுவாரு. கூரா விட்டாக் காத்துப் புடிச்சு உரிச்சிடும். இதுல மட்டும் நாலு மூலையும் சதுரமா விட்டுட்டாரு. ஒட்டுறதுக்கு முன்னாடி தகரத்தத் துடைக்கவும் இல்லையாம்."

"மேல இருக்கிறவங்க பாக்கலையா?"

"பெரிய எழுத்தை மட்டும்தான் பாத்தாங்களாம்." அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "படுக்கும்போதுதான் சொன்னாரு. 'என்னால முடிஞ்சது அவ்வளவுதான்யா'ன்னு. நீங்க கிழிக்காதீங்கக்கா. அதுவா போகட்டும்."

வேன் டிரைவர் ஹார்ன் அடித்தார்.

அவள் சாவியை இடுப்பில் செருகினாள். தையல்காரரின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாற்காலிகள், பிஸ்கட் தட்டு, பெரியப்பா, ரேடியோவின் மனைவி எல்லாரையும் தாண்டி அவரை இழுத்துக்கொண்டு போய் வேனின் பின்கதவில் நிறுத்தினாள்.

"ஏறுங்க."

"இங்க பாரு" என்றார் அண்ணன், பல்லுக்கு நடுவில். "அவன் ஏறினா நான் ஏற மாட்டேன்."

"சரிண்ணே. பஸ்ல இடம் இருக்கு."

அண்ணன் அங்கேயே நின்றார். யாராவது வந்து கையைப் பிடிப்பார்கள், 'பெரியவரு நீங்க இல்லாம எப்படி' என்பார்கள் என்று காத்திருந்தார் போலிருந்தது. பெரியப்பா காது கேட்காதவர் மாதிரி ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்தார். ரேடியோ அவருக்குப் பின்னாலேயே ஏறிக்கொண்டான்.

"யாராச்சும் சீக்கிரம் ஏறுங்கப்பா, வெயில் ஏறுது" என்றார் வேன் டிரைவர்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். ஏறும்போது பக்கவாட்டைப் பார்க்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்தார். தெருவிலிருந்து பார்க்க, சிரிக்கிற அந்த மூன்று தலைகளுக்கு மேலே நான்காவதாக அவர் தலை இருந்தது.

வேன் கிளம்பியது. தையல்காரர் கால்களை ஒடுக்கிக்கொண்டு, பெட்டியில் முட்டி இடித்துவிடாமல் உட்கார்ந்திருந்தார். பெட்டிமேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். பெரியப்பா வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். ரேடியோ செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

பெரிய சாலையில் ஏறியதும் காற்று வந்தது. பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து முதலில் மெதுவாக, பிறகு வேகம் பிடித்து, பட் பட் பட்டென்று தகரத்தில் அடிக்கிற சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்றார் பெரியப்பா.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எதிரே இருந்த தையல்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் பெட்டித் துணியின் ஒரு மூலை எழும்பியது. தையல்காரர் அதை இழுத்து, மடிப்பை நீவி, கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வேன் நிற்கும் வரைக்கும் விரலை எடுக்கவில்லை.