வீட்டு விலைக்கு வந்த மிளகு

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு வாங்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். விற்கத் தெரிந்தவர் என்று என் தரகுத் தொழிலில் நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். அவர் பெயர் பாக்கியலக்ஷ்மி. அவரிடம் வாதாடித் தோற்றவன் என்கிற முறையில் இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

அவருடைய கணவர் ராசப்பன் சாக்கு வியாபாரி. மிளகு மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கிகளில் கிழிந்த சாக்குகளை மலிவாக வாங்கி, ஒட்டுப்போட்டு, அதே கிட்டங்கிகளுக்குத் திருப்பி விற்பார். என்னைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நல்ல மனிதர், ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருக்குச் சரி. தெருவைப் பார்த்த அறை கடை, பின்னால் இரண்டு அறை வீடு, எல்லாம் வாடகை. பஜாரில் பிழைக்கிற எல்லோரையும் போல அவர்களும் மிச்சம் பிடித்ததை மிளகாகத்தான் வைத்திருந்தார்கள். அறுவடைச் சமயத்தில் விலை படுத்துக் கிடக்கும்போது பாக்கியலக்ஷ்மி கொஞ்சம் கொஞ்சமாக என் மூலம் வாங்குவார். நன்றாகக் காய்ந்த மிளகு வருஷக்கணக்கில் கெடாது. அப்படிச் சேர்ந்தது ஏழு குவிண்டால்.

எண்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் வீட்டுக்காரர் அப்பு மேனோன் தேவராவிலிருந்து வந்தார். ராசப்பன் இருந்த வீட்டையும், ஒட்டினாற்போல் கயிற்றுக்கடை நல்லசிவம் இருந்த வீட்டையும் விற்கப் போவதாகச் சொன்னார். வீடு ஒன்றுக்குப் பதினெட்டாயிரம். இத்தனை காலம் வாடகை தவறாமல் கொடுத்தவர்கள் என்பதால் ஓணம் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை, அதற்குப் பிறகு பணம் கொண்டு வருகிறவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். வாங்குகிறவன் மிளகு முதலாளியாக இருந்தால் இடித்துக் கிட்டங்கி கட்டுவான். ராசப்பனுக்கு வீடும் போகும், கடையும் போகும்.

அன்றைக்கு மிளகு குவிண்டால் இரண்டாயிரத்து ஐந்நூறு. நான் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போதே பாக்கியலக்ஷ்மி கணக்கைப் போட்டுவிட்டார். மூவாயிரம் வந்தால் ஆறு குவிண்டால் வீட்டுக்கு, ஏழாவது பத்திரச் செலவுக்கு. வராவிட்டால் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, குறைகிற பணத்துக்குக் கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பது. இதைக் கணவரின் வாயாலேயே சொல்ல வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்க சாட்சி. விலை ஏறுச்சுன்னா இவுகளுக்கு ஆசை வரும். ஆசை வர்றதுக்கு முந்தியே சொல்லி வச்சிரணும்."

நான் சிரித்தேன். மிளகு மூவாயிரத்தைத் தொடட்டும், அப்புறம் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்ததும் தொட்டது. எங்கேயோ வெளிநாட்டில் விளைச்சல் இல்லையாம், கப்பல் கப்பலாகக் கேட்கிறார்களாம் என்று சாயாக்கடை முழுக்க ஒரே பேச்சு. மூட்டை தூக்குகிறவன்கூட நாலாயிரத்துக்குக் கீழே பேசவில்லை. ராசப்பன் தலைகால் புரியாமல் நடந்தார். ஒரு மாதம் பொறுத்தால் வீட்டுக்கு வீடும் ஆச்சு, கூரை ஓடுகளைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட்டும் போடலாம் என்றார். நானும் அவர் பக்கம்தான் பேசினேன். சாட்சிக்கு நிறுத்தப்பட்டவன் எதிர்க்கட்சிக்குப் போனது தர்மமில்லைதான், ஆனால் எனக்கு மிளகு தெரியும், அது ஏறும் முகத்தில் இருந்தது. அதைத்தான் சொன்னேன்.

பாக்கியலக்ஷ்மி சாக்கு தைத்துக்கொண்டிருந்த கோணூசியைக் கீழே வைக்கவில்லை.

"கூடும்னு சொல்லுதீக, சரி. கொறஞ்சா எனக்கு நீங்க வீடு தருவீகளா அண்ணாச்சி?"

தரகனிடம் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் பஜாரே படுத்துவிடும்.

மறுநாள் ஏழு குவிண்டாலையும் தராசில் ஏற்றினேன். ராசப்பன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்த வாரமே சப்ரிஜிஸ்திரார் ஆபீசில் பத்திரம் பதிவானது. மேனோன் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பாக்கியலக்ஷ்மியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மிளகு என்ன செய்தது என்று கேளுங்கள். நான் சொன்னபடியே ஏறியது. மூவாயிரத்து நானூறு, மூவாயிரத்து எண்ணூறு என்று போய் ஓணத்துக்கு முந்தின வாரம் நாலாயிரத்து இருநூறில் நின்றது. எனக்கு வெற்றிக் களை தாங்கவில்லை. ஒவ்வொரு ஏற்றத்தையும் வேலை மெனக்கெட்டுப் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒவ்வொரு தடவையும் சாயா கொடுத்தார். நல்லது, விளைவிச்ச ஆளுகளுக்கு நாலு காசு கெடைக்கட்டும் என்றார். அந்த முகத்தில் ஒரு துளி வருத்தத்தையாவது கண்டுபிடிக்க நானும் எவ்வளவோ பார்த்தேன். இல்லை. பொறுத்துக்கொள்கிறார் என்றால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உண்மையாகவே இல்லை. விற்ற அன்றைக்கே அவருக்கும் மிளகுக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. நான் வாழ்நாளில் மதித்த குணங்களில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

ராசப்பன்தான் புழுங்கினார். பஜார்ப் பையன்கள் அவருக்கு 'மூவாயிரம்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டார். சாப்பாடு போதும் என்பதற்குக்கூடக் கையைத்தான் காட்டுவாராம்.

பக்கத்து வீட்டு நல்லசிவத்திடம் பத்துக் குவிண்டால் இருந்தது. அவர் நாலாயிரத்து ஐந்நூறுக்குக் காத்திருந்தார். மேனோன் சொன்ன ஓணக் கெடுவை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், பத்து நாள் முன்னே பின்னே ஆனால் என்ன, ஒரு நேந்திர வாழைக் குலையோடு போய் நின்றால் தீர்ந்தது என்பார். ஓணம் கழிந்த பத்தாம் நாள் நாலாயிரத்து நானூறுக்கு விற்றார். அந்த வருஷம் பஜாரிலேயே நல்ல விலை அது. என் கையால்தான் விற்றுக்கொடுத்தேன். நாற்பத்து நாலாயிரத்தையும் மடியில் கட்டிக்கொண்டு, குலையோடு தேவராவுக்குப் பஸ் ஏறினார்.

மேனோன் மரியாதையாக உட்கார வைத்துச் சாயா கொடுத்திருக்கிறார். சொன்ன வாக்கை ஓணம் வரை காப்பாற்றினேன், அதற்குப் பிறகு ஒரு முதலாளி ஐம்பதாயிரத்துக்குக் கேட்டு முன்பணமும் தந்துவிட்டார் என்றாராம். நல்லசிவத்துக்கு விலை ஏற்றிக்கொடுத்த அதே மிளகுதான் முதலாளிகளுக்கும் அள்ளிக் கொடுத்திருந்தது. கையில் பணம் புரண்டதும் கிட்டங்கிக்கு இடம் தேடிப் பஜாரில் அத்தனை பேரும் அலைந்தார்கள். மிளகு ஒரு படி ஏறினால் மண் இரண்டு படி ஏறியது. தரகன் என்று பெயர் வைத்துக்கொண்டு மிளகை மட்டும் பார்த்தேனே தவிர, அது நிற்கிற தரையை நான் பார்க்கவில்லை.

ஐப்பசியில் நல்லசிவம் பள்ளுருத்திக்கு வாடகை வீடு பார்த்துப் போனார். பணம் நஷ்டமில்லை, பாங்கில் பத்திரமாக இருந்தது. வண்டியில் சாமான் ஏற்றும்போது ராசப்பன்தான் முன்னால் நின்று கயிறு கட்டிக்கொடுத்தார். வண்டி திருப்பம் தாண்டும்வரை தெருவிலேயே நின்றார். பிறகு வீட்டுக்குள் போனார்.

நான் பாக்கியலக்ஷ்மியிடம் கேட்டுவிட்டேன். மிளகுக்குப் பின்னாலேயே வீட்டு விலையும் ஏறும் என்று அப்போதே எப்படித் தெரிந்தது, யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"எனக்கு எங்க தெரியும் அண்ணாச்சி? மொளகு ஏறுமா எறங்குமான்னு தெரியாது. வீடு ஏறும்னும் தெரியாது. எனக்கு வீடு வேணும், அதுக்கு எம்புட்டு வேணும், அது ரெண்டுந்தான் தெரிஞ்சுது. அம்புட்டு வந்தாச்சு. எனக்கு அது மதி, அது போதும்."

உள்ளேயிருந்து ராசப்பன் வந்தார். ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் நாலைந்து ஆணி. வாடகைக்கு இருந்த காலமெல்லாம் சுவர் பாழாகும் என்று மேனோன் ஓர் ஆணிகூட அடிக்க விட்டதில்லை. குழந்தைகளின் சட்டைகூடக் கொடியில்தான் கிடக்கும். இரண்டு மாதமாக மனைவியோடு முகம் கொடுத்துப் பேசாத மனிதர், அவர் முன்னால் வந்து நின்று, எந்த இடத்தில் அடிக்கட்டும் என்று தணிந்த குரலில் கேட்டார்.

பாக்கியலக்ஷ்மி கோணூசியைக் கீழே வைத்தார்.

"எங்க வேணும்னாலும் அடிங்க," என்றார். "நம்ம செவருதான."