ஏழாண்டுப் போரில் ஒரு மாமனார்

நான்கு கண்டங்களிலும் மூன்று பெருங்கடல்களிலும் இரண்டு பேரரசுகள் மோதிக்கொண்ட ஏழாண்டுப் போரின் முடிவை எழுதியது பீரங்கி அல்ல, கப்பல் அல்ல, விதி. அந்த விதி 1958ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, வடமதுரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் மாட்டுவண்டியை விட்டு இறங்கியது. பெயர் மொக்கைச்சாமி. கையில் ரோஜா மாலை.

பள்ளி ஆண்டு விழாவுக்கு ஏழாண்டுப் போர் நாடகத்தை எழுதியவர் சரித்திர ஆசிரியர் ஞானராஜ். 'வரலாறு இம்மியும் பிசகாதது' என்று நோட்டீசில் அவரே போட்டுக்கொண்டார். தலைமை தாங்க வந்த கல்வி அதிகாரி நல்ல வார்த்தை சொன்னால் தலைமையாசிரியர் பதவி ஞானராஜுக்குத்தான். ஆங்கிலத் தளபதியாக டிரில் மாஸ்டர் பவுல்ராஜ். பிரெஞ்சுத் தளபதியாகப் பழைய மாணவன் ராமர். மல்லிகைத் தோட்டக்காரன், ஆனால் ஊரில் பூட்ஸ் வைத்திருந்தது அவன் ஒருவன்தான். கடைசிக் காட்சியில் அவன் மண்டியிட்டு வாளைக் கொடுக்க, பாண்டிச்சேரி விழ வேண்டும்.

ராமருக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. முதல் காட்சியிலேயே மாமனார் மொக்கைச்சாமி மேடையேறி, மாப்பிள்ளைக்கு மாலை போட்டுத் துண்டு போர்த்திவிட்டு, இருபது உறவினர்களோடு முன்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

கடைசிக் காட்சிக்கு முன் ராமர் திரைக்குப் பின்னால் வந்தான்.

"சார், நான் மண்டி போட மாட்டேன். மாமா பாத்துக்கிட்டு இருக்காரு."

"ஒத்திகையில போட்டியேப்பா!"

"ஒத்திகைக்கு அவரு வரலையே சார்."

"சரித்திரம்டா! பாண்டிச்சேரி விழுந்தே ஆகணும்!"

"அது விழட்டும் சார். நான் நின்னுக்கிறேன்."

திரை விலகிவிட்டது. பவுல்ராஜ் முழங்கினார்: "தோற்ற தளபதியே, வாளைக் கீழே வை!"

"யாருய்யா தோத்தது?" என்று முன்பெஞ்சிலிருந்து மொக்கைச்சாமி எழுந்தார். "மாலை மரியாதையோட நிக்கிற எங்க வீட்டு மாப்பிள்ளைய இம்புட்டுப் பேரு முன்னால கீழ வைங்கிறீக?" அவருடைய உறவினர்களும் எழுந்தார்கள்.

பவுல்ராஜ் உதடு அசையாமல் கெஞ்சினார்: "ஏலே ராமரு, செத்த நேரம் குனிஞ்சிருடா. திரைய விட்டுருவாக."

"நீங்க குனிங்க சார். உங்க மாமனாரு திருச்சியிலதான இருக்காரு."

பவுல்ராஜ் யோசித்தார். அதில் நியாயம் இருந்தது. உலகின் மாபெரும் கடற்படையை உடைய பேரரசு, அட்டைத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மண்டியிட்டது. விசில் சத்தம் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஞானராஜ் திரைக்குப் பின்னால் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, பதவியை மறந்துவிடத் தொடங்கினார்.

கல்வி அதிகாரி மைக்கைப் பிடித்தார். "நானும் சரித்திரம் படித்தவன்தான். ஏழாண்டுப் போரின் முடிவை இத்தனை உண்மையாக நான் எங்கும் கண்டதில்லை. ஞானராஜ் போன்றவர்கள் தலைமையாசிரியராக வர வேண்டும். இதையே வகுப்பிலும் நடத்த வேண்டும். நான் ஆய்வுக்கு வரும்போது மாணவர்களைக் கேட்பேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஞானராஜும் தட்டினார்.

பதவி உத்தரவு வந்து சேரப் பதினோரு மாதம் ஆயிற்று. அதுவரை அவர் வகுப்பில் ஏழாண்டுப் போரில் பிரான்ஸே வென்றது.