மூத்தவளுக்கு வந்த முட்டிவலி

மூத்த மருமகளுக்கு முட்டிவலி வந்தது. இளைய மருமகளுக்கு வயிற்றெரிச்சல் வந்தது.

அதுவரை வீட்டு வேலையை இரண்டு பேரும் பங்கு போட்டுத்தான் பார்த்தார்கள். வலி வந்ததும் மூத்தவளுக்கு ஜன்னலோரம் மெத்தை வைத்த நாற்காலி போட்டார்கள். அவள் கணவர் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இளையவளின் கணவன், சாப்பிட்ட தட்டை நகர்த்தாத மனுஷன், "அண்ணி, எழுந்திருக்காதீங்க, நான் எடுத்துத் தரேன்" என்று ஓடினான்.

ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது, குந்தி உட்கார்ந்து தரை துடைப்பது எல்லாம் இளையவள் தலையில் விழுந்தது.

"கொடுத்து வெச்சவ. எனக்கு ஒரு வலி வந்து தொலைக்க மாட்டேங்குதே!" என்று படிக்குப் படி புலம்பினாள்.

தெருக்கோடி ஆஸ்பத்திரியில், நாற்பது தாண்டிய பெண்களுக்கு மூட்டுத் தேய்மானம் பற்றி வகுப்பு நடத்தினார்கள். "அண்ணியைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போ" என்றான் கணவன். எரிகிற நெருப்பில் எண்ணெய்.

"யாருக்கு முட்டிவலி இருக்கு?" என்று நர்சம்மா கேட்டதும், மூத்தவளை முந்திக்கொண்டு இளையவளின் கை மேலே போனது.

நர்சம்மா அவள் காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "கை ஊணாம எழுந்திரிங்க." பழக்கதோஷம், இளையவள் விருட்டென்று எழுந்துவிட்டாள். அப்புறம்தான் நொண்ட ஞாபகம் வந்தது.

"எந்தக் கால்மா வலி?"

"இது... இல்ல, அது."

அறையே சிரித்தது. நர்சம்மா சிரிக்கவில்லை.

"வலி இல்லாதவங்களுக்காகத்தான் முக்கியமா இந்த வகுப்பு. தேஞ்ச மூட்டு பழையபடி ஆகாது. தேயுறதைத் தள்ளிப் போடலாம். நாற்காலியில உக்காந்து காலை நேரா நீட்டிப் பிடிங்க, தொடைச்சதை பலப்பட்டா முட்டிக்குப் பாரம் குறையும். தினம் நடங்க, எடை ஏற விடாதீங்க. ரொம்ப நேரம் குந்தாதீங்க. வலி வந்தவங்களும் ஒரே இடத்துல உக்காந்துடாதீங்க, இன்னும் இறுகிடும்."

திரும்பும் வழியில் மூத்தவள் ஒரு கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் வலி உனக்கு எதுக்குடி?"

"உங்களைத் தாங்க நாலு பேர் இருக்காங்கக்கா. என்னை யாரு ஏறெடுத்துப் பாக்கறா?"

"பாத்ரூம் போகக்கூட ஆளைக் கூப்பிடணும், தெரியுமா? நீ தடதடன்னு மாடி ஏறுற சத்தம் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். இவ கால் மட்டும் நல்லா இருக்கேன்னு."

தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று இளையவள் கனவிலும் நினைத்ததில்லை. சங்கடமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

மறுநாள் வாளியைக் கணவன் முன்னால் வைத்தாள். "இனிமே இதை நீங்க மாடிக்கு ஏத்துங்க."

"உனக்குத்தான் வலி இல்லையே?"

"வந்தப்புறம் தைலத்தோட ஓடி வர்றதுக்குப் பதிலா, இப்பவே வாளியோட ஓடுங்க."

முனகிக்கொண்டே தூக்கிப் போனான். நின்றபடி தரை துடைக்க நீளக் கம்பு வைத்த துடைப்பானும் அந்த வாரமே வந்தது.

சாயங்காலங்களில் இருவரும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். சில மாதங்களில் மூத்தவள் கடைத்தெரு வரை துணையில்லாமல் நடந்தாள். வலி முழுசாகப் போகவில்லை. பொறாமையும்தான். அவள் முதலில் காலை இறக்கட்டும் என்று இவளும், இவள் இறக்கட்டும் என்று அவளும், தொடை நடுங்க நடுங்க நீட்டிக்கொண்டே இருந்தார்கள்.