மூன்று பேர் கேட்ட ஏலம்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் அப்பழுக்கற்றது பொது ஏலம் ஒன்றுதான். திருவண்ணாமலை மாவட்டத்தில் அதை முழுமையாகப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான். 1997. பி.ஏ. பொருளியல், இரண்டாம் ஆண்டு.

எங்கள் ஊரில் ஒன்றரை ஏக்கர் அரசு நிலம் உண்டு. ஜூனோடு குத்தகை முடியும். ஆடி பிறந்ததும் ஏலம். குறைந்தது மூன்று பேர் கேட்க வேண்டும் என்பது விதி. பதினோரு வருஷமாக அதில் வேர்க்கடலை போடுபவர் வெள்ளையம்மாள். புருஷன் இல்லை, வேறு நிலமும் இல்லை. அவரை எதிர்த்து யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் விதி இருக்கிறதே! அதனால் ஊர்க்காரர் கருப்பன் முதல் ஆளாகச் சர்க்கார் விலையைச் சொல்வார். சுப்பன், "ஏத்தட்டுமாக்கா?" என்று வெள்ளையம்மாளிடமே அனுமதி வாங்கிப் பத்து ரூபாய் ஏற்றுவார். வெள்ளையம்மாள் இன்னொரு பத்து. மூன்று கையெழுத்து. கடும் போட்டி நிலவியதாக மேலே அறிக்கை போகும்.

இந்தக் கூத்தைக் கல்லூரி மலரில் எழுதினேன். பெயர்களை மாற்றவில்லை; நேர்மை முக்கியம். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் உரக்க வாசித்தும் காட்டினேன்.

சீர்திருத்தத்தின் பலன் உடனே தெரிந்தது. ஊரில் நாலு கருப்பன் இருப்பதால், "அது நானில்ல" என்று கருப்பன் சமாளித்துவிட்டார். சுப்பன் ஒருவர்தான். "பேரு புஸ்தகத்துல வந்துட்ச்சி, ஆள வுடுங்க" என்று ஏலத்துக்கே வரவில்லை. அடுத்த வருஷ மலரில் இடம்பெற வேறு யாருக்கும் ஆசையில்லை. ஆளில்லாமல் ஏலம் இரண்டு முறை தள்ளிப்போனது. சட்டம் வென்றது. நல்ல மழையும் பெய்தது.

வெள்ளையம்மாள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, விதைக் கடலைய உரிச்சி வச்சிட்டேன். ஜாஸ்தி நாளு தாங்காது. ஈரமும் காயுது."

"எல்லாம் சட்டப்படிதான் நடக்குது, பெரியம்மா."

"நடந்தா சரிதான் ராசா. நடக்க மாட்டேங்குதே."

இதற்குப் பொருளியலில் பதில் இருந்திருக்கும். மூன்றாம் ஆண்டில்.

மூன்றாம் முறை ஏலம் விட வந்த வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., முதலிலேயே சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் ஆளு சேரலன்னா இந்த வருசம் நெலம் தரிசுதான்."

கருப்பன் விலையைச் சொன்னார். வெள்ளையம்மாள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற யாரு?"

"படிச்சவங்க யாருனா இருந்தா கேளுங்கப்பா" என்றார் கருப்பன், வானத்தைப் பார்த்து. நாலு பேர் சிரித்தார்கள்.

"பத்து ரூபா" என்றேன்.

"யாருப்பா அது? சத்தமா சொல்லு."

"பத்து ரூபா ஜாஸ்தி, சார்."

ஆர்.ஐ. என் கேன்வாஸ் ஷூவைப் பார்த்தார். "என்னா பயிர் வைக்கப்போற?"

"யோசிக்கணும் சார்."

கருப்பனுக்கு இருமல் வந்தது. வெள்ளையம்மாள் இன்னொரு பத்து ஏற்றினார். ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லி, ஆர்.ஐ. என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் கேக்குறியா?"

"கட்டுப்படியாவாது சார்" என்று சொல்லிவிட்டு, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.